கொழுப்பைத் தண்ணீர் கரைக்குமா?

சித்திரை வெயிலில் குமாரபாளையத்திலோ பள்ளிபாளையத்திலோ ஒரு தறிப்பட்டறைக்குள் நுழைந்து பாருங்கள். ஓரத்தில் தண்ணீர்க் குடம் இருக்கும். ஆனால் அதைவிட அதிகமாகக் கைமாறுவது டீ டம்ளர்தான். ஒரு ஷிப்டுக்குள் நான்கைந்து டீ போய்விடும். உடம்பைக் குறைக்க என்ன வழி என்று அங்கே பேச்செடுத்தால், "வெறும் வயித்துல வெந்நீர் குடிங்க, கொழுப்பு கரைஞ்சிரும்" என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். சேலத்திலும் நாமக்கல்லிலும் வீட்டுக்கு வீடு கேட்கும் யோசனை இது.

எடை பற்றிய கவலைக்குக் காரணம் இருக்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் அதிக எடை உள்ளவர்கள் 2015-16இல் 30.9 சதவீதம். 2019-21இல் அது 40.4 சதவீதமாகிவிட்டது. ஆண்களில் 28.2 சதவீதம் 37 ஆனது. இந்த நிலையில் தண்ணீர் உண்மையில் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொள்வது நல்லது.

கொழுப்பு போகும் வழி

குழம்பின் மேல் எண்ணெய் மிதப்பதைப் போல, தண்ணீரோடு சேராததுதான் கொழுப்பின் இயல்பு. குடிக்கும் தண்ணீர், சூடாக இருந்தாலும், இடுப்புக் கொழுப்பைக் கரைத்து வெளியேற்றுவதில்லை. கொழுப்பு உடலில் எரிகிறது. கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகியவற்றால் ஆன அது, நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறுகிறது. ஆஸ்திரேலியாவின் ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் இருவரும் 2014இல் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 10 கிலோ கொழுப்பு முழுவதும் எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறும். மிச்சம் 1.6 கிலோ நீராகும். ஆகவே கொழுப்பு வெளியேறும் பெருவாசல் நுரையீரல்.

பட்டினி கிடந்தால் முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ குறைந்துவிட்டதே என்று சிலர் மகிழ்வார்கள். அதில் பெரும்பகுதி நீர்தான். ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு உண்டு. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். சேமிப்பு செலவானால் நீரும் போகும், சோறு உள்ளே போனால் திரும்பி வரும். வெயிலில் வேர்த்துக் குறைகிற எடையும் இப்படிப்பட்டதே.

ஐஸ் தண்ணீரா, வெந்நீரா?

குளிர்ந்த நீரை உடல் தன் வெப்பத்துக்குச் சூடேற்ற வேண்டும், அதற்குச் சக்தி செலவாகும் என்பது சரிதான். செலவு எவ்வளவு? 5 டிகிரி குளிரில் உள்ள அரை லிட்டர் நீரை 37 டிகிரிக்குக் கொண்டுவர 16 கலோரி போதும். ஒரு டீஸ்பூன் சர்க்கரையில் இருப்பதோ 20 கலோரி.

பெர்லினில் 2003இல் 14 பேரிடம் நடந்த ஒரு சோதனையில், அரை லிட்டர் தண்ணீர் குடித்ததும் உடலின் சக்திச் செலவு 30 சதவீதம் ஏறியதாகக் கண்டார்கள். 'தண்ணீர் குடித்தால் கொழுப்பு எரியும்' என்ற பேச்சுக்கு இது பெரிய ஊட்டம் கொடுத்தது. ஆனால் 2006இல் சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபோர்க் பல்கலைக்கழகத்தில் மீண்டும் அளந்தபோது, சாதாரண வெப்பநிலை நீரில் அந்த ஏற்றமே தெரியவில்லை. நன்கு குளிர்ந்த நீர் குடித்தவர்களுக்கு மட்டும் 4.5 சதவீதம் அளவுக்குக் கூடியது. இதை நம்பி எடை குறைக்க முடியாது.

காலை வெந்நீரில் கெடுதல் ஒன்றும் இல்லை. அதில் ஒரு பெரிய கரண்டி தேன் சேர்த்தால் மட்டும் 60 கலோரி கூடுதலாக உள்ளே போகிறது என்பதை மறக்கக் கூடாது.

சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்

தண்ணீரால் கிடைக்கும் பலன் வேறு இடத்தில் இருக்கிறது. இரைப்பையின் சுவர் விரியும்போது, அங்குள்ள நரம்புகள் 'நிறைகிறது' என்ற செய்தியை மூளைக்கு அனுப்புகின்றன. சாப்பாட்டுக்குச் சற்று முன் நீர் குடித்தால் அந்தச் செய்தி சீக்கிரமே கிளம்புகிறது.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 2010இல் வெளியான ஆய்வில், 55 முதல் 75 வயதுவரையுள்ள 48 பேர் கலந்துகொண்டார்கள். எல்லோருக்கும் குறைந்த கலோரி உணவு. ஒரு பிரிவினர் மட்டும் மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன் அரை லிட்டர் தண்ணீர் குடித்தார்கள். 12 வாரத்தில் அவர்களுக்கு ஏறத்தாழ 2 கிலோ கூடுதலாகக் குறைந்தது. 2015இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 84 பேரிடம் இதேபோல் சோதித்தார்கள். சாப்பாட்டுக்கு அரை மணி முன்பாகத் தண்ணீர் குடிக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு, வயிறு நிறைந்திருப்பதாகக் கற்பனை மட்டும் செய்துகொண்டவர்களைவிட 1.3 கிலோ அதிகமாகக் குறைந்தது. மூன்று மாதத்தில் ஒன்றிரண்டு கிலோ என்பது சின்னப் பலன்தான். ஆனால் காசு செலவில்லாத பலன். நடுவயதைத் தாண்டியவர்களுக்கு இது கூடுதலாக உதவுகிறது. இளைஞர்களின் வயிறு நீரை வேகமாகக் கீழே அனுப்பிவிடுவதால் அவர்களிடம் பலன் குறைவு.

உணவுக்குள்ளேயே கலந்திருக்கும் நீருக்கு வலிமை இன்னும் அதிகம். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பார்பரா ரோல்ஸ் குழு 1999இல் 24 பெண்களிடம் இதைச் சோதித்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன் கோழியும் அரிசியும் சேர்ந்த ஒரே பண்டத்தை மூன்று விதமாகக் கொடுத்தார்கள்: தனியாக, ஒரு டம்ளர் நீரோடு, அதே நீரை உள்ளே விட்டுக் காய்ச்சிய சூப்பாக. சூப் குடித்த நாளில்தான் மதியச் சாப்பாடு சுமார் 100 கலோரி குறைந்தது. நீர் உணவோடு கலந்திருந்தால் வயிற்றில் அதிக நேரம் தங்குகிறது.

இந்தப் பக்கத்து அடுப்படிகளுக்கு இது புதிதில்லை. கம்மங்கூழ், கொள்ளு ரசம், நீர்மோர் எல்லாம் நீர் நிறைந்த உணவுகள். வாழைத்தண்டும் சுரைக்காயும் புடலங்காயும் ஏறக்குறைய தொண்ணூறு சதவீதமோ அதற்கு மேலோ நீர்தான். ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் இவற்றை வைத்தால், பசியில்லாமலே கலோரி குறையும்.

டீ டம்ளரின் கணக்கு

ஒரு டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை, அதாவது 10 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து டீயில் 50 கிராம். பாலைச் சேர்க்காமலே 200 கலோரி. 2,000 கலோரி சாப்பிடும் ஒருவர் நாள் முழுவதற்கும் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமைத் தாண்டக் கூடாது, பாதியாக இருந்தால் மேலும் நல்லது என்பது உலக சுகாதார அமைப்பு 2015இல் வைத்த வரம்பு. அந்த வரம்பை டீயே எட்டிவிடுகிறது. மாலையில் தட்டுவடை செட்டோடு ஒரு கலர் பாட்டிலையும் திறந்தால் இன்னும் 30 கிராம் சேரும். இனிப்பான பானத்தில் வரும் கலோரியை வயிறு சரியாகக் கணக்கில் வைப்பதில்லை, அடுத்த வேளைச் சோறு குறைவதில்லை.

எடைக் குறைப்பில் தண்ணீரின் முக்கிய வேலை இங்கேதான். இரண்டு டீயின் இடத்தில் தண்ணீரோ சீரகத் தண்ணீரோ உப்புப் போட்ட மோரோ வந்தால் அந்தச் சர்க்கரை உடலுக்குள் போகாமலே நின்றுவிடும்.

எந்தத் தண்ணீர்?

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போர் போடுகின்றன. அந்த வண்டிகளின் சொந்த மண் கடும்பாறை. பாறை இடுக்கில் தேங்கும் நீரில் உப்பு அதிகம். சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சில பகுதிகளில் ஃப்ளோரைடும் அளவு மீறி இருக்கிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை என்கிறது இந்தியத் தரநிலை. அதற்கு மேல் பல ஆண்டுகள் குடித்தால் பல் கறைபடும், எலும்பு பாதிக்கப்படும். கொதிக்க வைப்பதால் ஃப்ளோரைடு போகாது, நீர் சுண்டுவதால் செறிவுதான் கூடும். அப்படிப்பட்ட ஊரில் 'நாளுக்கு நான்கு லிட்டர் குடி' என்று பொதுவாகச் சொல்வது தவறான ஆலோசனை. போர் நீரைக் குடிப்பவர்கள் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் ஒருமுறை சோதித்துக்கொள்வது அவசியம். காவிரி நீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் அருமை இதில் விளங்கும்.

எல்லோருக்கும் பொருந்தும் லிட்டர் கணக்கு கிடையாது. வெயிலில் உழைப்பவருக்கும் நிழலில் அமர்ந்திருப்பவருக்கும் தேவை வேறு. சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போனால் போதுமான அளவு குடிக்கிறோம் என்று கொள்ளலாம். ஆரோக்கியமான சிறுநீரகமும் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு லிட்டரைத்தான் வெளியேற்றும். அதை மீறிக் குடித்துக்கொண்டே போனால் இரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இதய, சிறுநீரக நோயாளிகள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

நல்ல தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதும் முக்கியம். ஜெர்மனியின் டார்ட்மண்ட், எஸ்ஸன் நகரங்களில் வசதி குறைந்த பகுதிகளின் 32 தொடக்கப் பள்ளிகளில் ஓர் ஆய்வு நடந்தது. அதில் ஒரு பிரிவுப் பள்ளிகளில் குடிநீர்க் குழாய் அமைத்து, தண்ணீரைப் பற்றி நான்கு பாடம் நடத்தினார்கள். ஒரு கல்வியாண்டில், அந்தப் பள்ளிக் குழந்தைகளுக்கு அதிக எடை ஏற்படும் வாய்ப்பு 31 சதவீதம் குறைந்தது. அவர்கள் கூடுதலாகக் குடித்தது நாளுக்கு ஒரு டம்ளர் அளவுதான் என்று 2009இல் வெளியான முடிவுகள் சொல்கின்றன. கேரளப் பள்ளிகளில் 2019இல் 'தண்ணீர் மணி' அடிக்கத் தொடங்கியதும் பிள்ளைகள் நேரத்துக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதற்காகத்தான். நம் பள்ளிகளிலும், தறிப்பட்டறைகளிலும், லாரி பாடி கட்டும் கூடங்களிலும் சோதித்த நல்ல தண்ணி டீயைவிட அருகில் இருக்க வேண்டும். அதற்கான குழாயைக் கேட்டு வாங்கும் உரிமை நமக்கு உண்டு. அதை அமைத்துத் தரும் பொறுப்பு முதலாளிக்கும் உள்ளாட்சிக்கும் உண்டு.