கூப்பிட்டால் மட்டும் வரும் காந்தம்

களமருதூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் மணலில் காந்தத் துண்டைப் புரட்டி விளையாடினால் அதில் கறுப்புப் பொடி அப்பிக்கொண்டு வரும். பெரும்பாலும் அது மேக்னடைட் என்ற இரும்புத் தாது. கல்வராயன் மலைக்கு மேற்கே, சேலம் கஞ்சமலையில் இதுவே பாறை பாறையாகக் கிடக்கிறது. 1830களில் பரங்கிப்பேட்டை இரும்பாலை உருக்கியதும் சேலத்துத் தாதைத்தான்.

இந்தப் பொடியை ரத்தத்தில் கலந்து, வேண்டிய செல்லை மட்டும் காந்தத்தால் இழுத்தெடுக்க முடியுமா? முடியாது. காந்தத்தைத் தொட்ட மணல் துகள் தானும் காந்தமாகிவிடும். காந்தத்தை எடுத்த பிறகும் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக் கட்டிதட்டும். ஆனால் துகள் சுமார் 20 நானோமீட்டருக்குக் கீழே போனால் கதையே வேறு. அறை வெப்பமே அதன் காந்தத் திசையை ஓயாமல் புரட்டிக்கொண்டிருக்கும். காந்தம் பக்கத்தில் இருக்கும்வரை இழுபடும், எடுத்துவிட்டால் சாதுவாகிவிடும். சூப்பர்பாராமேக்னடிசம் என்று இதற்கு வாய் நோகும் பெயர்.

இவ்வளவு சின்னத் துகளைத் தனியாக இழுக்கக் காந்தத்துக்குத் தெம்பு போதாது. அதனால் எள்ளை வெல்லப்பாகில் உருட்டுவதுபோல, லட்சக்கணக்கான துகள்களைப் பாலிமரில் உருட்டிவிடுகிறார்கள். ஃபெரஸ், ஃபெரிக் உப்புகளை ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் கரைத்து அம்மோனியா ஊற்றினால் பழுப்புக் கரைசல் கண்ணெதிரே கறுக்கும். அதில் படியும் துகள்கள் ஒட்டிக்கொள்ளாதிருக்க ஒலியிக் அமிலப் பூச்சு. பிறகு ஸ்டைரீன் திரவத்தில் கலந்து, நீரில் நுண்துளிகளாகச் சிதறடித்துச் சூடாக்கினால் ஒவ்வொரு துளியும் இறுகி உருண்டையாகும்.

கேட்க எளிது. உருண்டைகள் ஒரே அளவில் வராததுதான் தொல்லை. பெரியது முந்தி ஓடும், சிறியது பிந்தும். பெரிய அளவில் ஒரே சீரான உருண்டை வேண்டுமென்றால் எடையற்ற விண்வெளிக்குத்தான் போகவேண்டும் என்று நாசா 1980களில் விண்கலத்திலேயே செய்து பார்த்தது. அதற்கு முன்பே, 1970களில், நார்வேயின் ட்ரான்ஹைம் நகரில் ஜான் உகல்ஸ்டாட் அதைத் தரையிலேயே சாதித்துவிட்டார். சின்ன விதை உருண்டையைப் பல மடங்கு ஊதவைப்பது அவர் உத்தி. பிறகு நுண்துளை நிறைந்த உருண்டைகள் செய்து, துளைகளுக்குள்ளேயே இரும்பு ஆக்சைடைப் படியவைத்தார். எனக்கு இதுதான் அழகான வழியாகப் படுகிறது: அளவு முதலில், காந்தம் பிறகு. 1980களில் லண்டன் மருத்துவர்கள் அந்த உருண்டைகள்மேல் புற்றுச் செல்லைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி பூசி, குழந்தைகளின் எலும்பு மஜ்ஜையிலிருந்து புற்றுச் செல்களைப் பிரித்தெடுத்தார்கள்.

ஆய்வகத்தில் பார்த்தால், இந்த உருண்டைகள் கலந்த குழாயில் இருப்பது வெறும் சேற்றுநீர். காந்தத் தாங்கியில் வைத்தால் ஓரிரு நிமிடத்தில் பழுப்பு முழுக்க ஒரு பக்கச் சுவரில் ஒதுங்கி, நீர் தெளிந்துவிடும். தெளிவை உறிஞ்சி எடுத்து, காந்தத்தை விலக்கிக் குலுக்கினால் மறுபடி சேறு. கழுவ, மறுபடி பிரிக்க, எத்தனை தடவையும் செய்யலாம்.

கொரோனா காலத்தில் மாதிரியிலிருந்து வைரஸ் ஆர்.என்.ஏ.வைப் பிரிக்க இதே உத்திதான் கைகொடுத்தது. அதற்கான வெளிநாட்டு ‘கிட்’ பெட்டிகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் காந்த நானோ துகள்களைக் கொண்டு ‘சித்ரா மேக்னா’ என்ற பெட்டியை உருவாக்கியது. 2020இல் எர்ணாகுளம் நிறுவனம் ஒன்று அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.