பூக்கூடை சுமந்த வணிகர் மகன்

பூந்தமல்லியில் வரதராஜப் பெருமாள் கோவில் இருக்கிறது. அங்கே பெருமாளோடு ஒரு பக்தருக்கும் தனிச் சந்நிதி உண்டு. அவர்தான் திருக்கச்சி நம்பி. பிறந்தது இதே பூந்தமல்லியில். காலம், 11-ம் நூற்றாண்டு.

நம்பி நாட்டை ஆண்டவரா? போரில் வென்றவரா? இரண்டும் இல்லை. பெருமாளுக்குப் பூக் கொடுத்தார், விசிறி வீசினார். அவ்வளவுதான்!

பங்குப் பணம்

நம்பி வணிகர் குலத்தவர். தகப்பனார் பிள்ளைகளுக்குப் பணத்தைப் பிரித்துக் கொடுத்தார். மற்றப் பிள்ளைகள் வியாபாரம் செய்து அதைப் பெருக்கினார்கள். நம்பியோ தம் பங்கைப் பெருமாளுக்கே செலவிட்டார். நந்தவனம் வைத்தார். பூவைத் தொடுத்துக் காஞ்சீபுரத்து வரதராஜருக்குக் கொண்டு போனார். வைணவப் பெரியோர் வழிவழியாகச் சொல்லி வரும் கதை இது.

காஞ்சீபுரம் அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர். இன்று பஸ் இருக்கிறது. அன்று கால் நடைதான்!

"பிழைக்கத் தெரியாத பிள்ளை" என்று ஊரார் சிரித்திருக்க மாட்டார்களா? நம்பி அதைப் பொருட்படுத்தவில்லை.

விருந்துக்கு நேரமில்லை

பிறகு நம்பி காஞ்சீபுரத்திலேயே தங்கி, பெருமாளுக்கு விசிறி வீசும் தொண்டை ஏற்றார். அப்போது இளைஞர் இராமாநுஜர் அவரைக் குருவாகவே எண்ணிப் பழகினார். இராமாநுஜர் அந்தணர், நம்பி வணிகர். ஆனாலும் அவரைத் தம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார்.

அன்று நம்பியை எதிர்கொண்டு அழைத்து வர இராமாநுஜர் புறப்பட்டார். நம்பி வேறு தெரு வழியாக வந்துவிட்டார். கோவில் வேலைக்கு நேரமாகிறது என்று சொல்லி, அந்த வீட்டு அம்மாளிடம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். உடனே கிளம்பிவிட்டார். திரும்பி வந்த இராமாநுஜருக்கு ஒரே ஏமாற்றம்!

உபசாரத்துக்குக் காத்திருந்தால் விசிறி வீசும் வேளை தவறிவிடுமே! இரண்டில் எது பெரிது என்று நம்பிக்குத் தெரியும். பின்னாளில் இராமாநுஜருக்குச் சந்தேகங்கள் வந்தபோது, வரதராஜரிடம் கேட்டு ஆறு வார்த்தைகளில் விடை வாங்கி வந்தவரும் இந்த நம்பிதான் என்பார்கள்.

நம் வீட்டில்

"எங்களுக்குப் பிள்ளை குட்டி இருக்கிறதே! இருக்கும் பணத்தை எல்லாம் பூவுக்குக் கொடுக்க முடியுமா?" என்கிறீர்களா?

வேண்டாம். இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் வீட்டில் எல்லோரும் கூடி உட்காருங்கள். இந்த வருஷம் நம் குடும்பத்துக்கு எது முக்கியம்? மகளின் படிப்பா? கடனை அடைப்பதா? ஒன்றை முடிவு செய்யுங்கள்.

பிறகு, கடன் வாங்கியாவது தடபுடலாகச் சீர் செய்ய வேண்டுமா, பக்கத்து வீட்டில் வாங்கியதை நாமும் வாங்க வேண்டுமா என்று யோசிக்கும்போது, அந்த முடிவை நினைத்துக் கொள்ளுங்கள். வேண்டாம் என்று சொல்வது சுலபமாகிவிடும். நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். பேசட்டுமே!

மாசி மாதம் மிருகசீரிஷம் நம்பியின் திருநட்சத்திரம். பூந்தமல்லிப் பக்கம் போனால் அவர் சந்நிதியையும் பார்த்துவிட்டு வாருங்கள்.