கரியும் குருதியும்

அடுப்பில் எரிந்து எஞ்சும் கரியை நாம் பெரிதாக மதிப்பதில்லை. ஒருவரை இழிவு செய்வதைக் கூட ‘முகத்தில் கரி பூசுதல்’ என்றே வழங்குகிறோம். ஆயினும், நஞ்சுண்டு உணர்விழந்து கிடப்பவரின் குருதியைத் தூய்மை செய்து, அவருயிரை மீட்கும் ஆற்றல் கரிக்கு உண்டு. அவ்வாற்றல் மருத்துவர்க்கு எளிதில் கைவரவில்லை. கரி நஞ்சை நீக்கிற்று. உடனே குருதியையும் கெடுத்தது. அக்கேடு எதனால் விளைந்தது, அதனை எவ்வாறு தடுக்க முயன்றனர் என்பதை இங்குக் காண்போம்.

மருத்துவர் கையாளும் கரி, அடுப்புக் கரி அன்று. மரத்தையோ தேங்காய்ச் சிரட்டையையோ காற்றுப் புகாதவாறு சுட்டுக் கரியாக்கி, பின்னர் மிகுந்த வெப்பத்தில் அதனூடே நீராவியைச் செலுத்துவர். அப்போது கரியின் உடலெங்கும் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் எண்ணிறந்தவை தோன்றுகின்றன. இதனைக் கிளர்வூட்டிய கரி என்பர். இக்கரி ஒரு கிராமில் அடங்கியுள்ள உட்பரப்பை விரித்துப் பார்க்க இயலுமாயின், அஃது ஏறக்குறைய 1,000 சதுர மீட்டர் இருக்கும். 100 கிராம் கரியில் ஏறத்தாழ 25 ஏக்கர் நிலம் மடிந்து கிடக்கிறது எனலாம்! பஞ்சு நீரைத் தன்னுள் உறிஞ்சுவது போன்றதன்று கரியின் செயல். தன்னை அணுகும் பொருளின் மூலக்கூறுகளை அது தன் பரப்பின் மீது பற்றிக் கொள்கிறது. இதற்குப் பரப்புக் கவர்ச்சி என்று பெயர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், துவேரி என்னும் பிரெஞ்சு மருந்தாளர், எட்டிக்கொட்டையில் உள்ள ஸ்டிரிக்னின் என்னும் கொடிய நஞ்சைக் கரியோடு கலந்து, அறிஞர் பலர் காணத் தாமே உண்டு, யாதொரு தீங்குமின்றி இருந்தார் என்பர். அவர் துணிவை வியக்கலாம், பின்பற்றுதல் கூடாது. இன்றும் நஞ்சுண்டவர் சிலர்க்கு மருத்துவர் இக்கரியை நீரில் கலந்து புகட்டுவதுண்டு. ஆனால், நஞ்சு குடலைக் கடந்து குருதியில் கலந்துவிட்டால் என் செய்வது? குருதியையே கரியின் வழியே ஓடச் செய்தால் என்ன?

1964ஆம் ஆண்டில் கிரேக்க நாட்டு மருத்துவர் யாட்சிடிஸ் அவ்வாறே செய்து பார்த்தார். சிறுநீரகம் பழுதுற்றோரின் குருதியைக் குழாய் வழியே வெளிக்கொணர்ந்து, கரி நிரப்பிய கலத்தின் ஊடே செலுத்தி, மீண்டும் உடலுக்குள் விடுத்தார். கிரியாட்டினின், யூரிக் அமிலம் முதலிய கழிவுகள் கரியில் தங்கின. யூரியா மட்டும் பெரும்பாலும் தப்பிச் சென்றது. ஆனால், வேறு இடர்கள் தலைகாட்டின. கரியின் பொடி குருதியோடு கலந்து உடலுக்குள் செல்லும் அச்சம் எழுந்தது. குருதி உறைவதற்கு உதவும் தட்டணுக்கள் குறைந்தன. நஞ்சு நீங்கியும், குருதிப்பெருக்கால் நோயாளி இறக்க நேரின், அம்மருத்துவத்தால் பயன் என்ன?

பொடியைக் கழுவி நீக்கலாம். தட்டணுக்கள் அழிவதேன்? கரியின் துளைகள் மிக நுண்ணியவை. குருதியணுக்கள் அவற்றினுள் புகவே இயலா. எனவே, கரியின் வெளிப்பரப்பைத் தீண்டிய அளவிலேயே அவை கேடுறுகின்றன. இதற்குரிய காரணங்களுள் ஒன்றை மின்வேதியியல் விளக்குகிறது.

கரி மின்சாரத்தைக் கடத்தும் பொருள். உப்பு நீரில் இட்ட கரி, கம்பியொன்றும் இணைக்காமலே, ஒரு மின்வாய் போல நடந்துகொள்கிறது. இதனை ஆராய்ந்து தெளிவுறுத்தியவர்களுள் தலையாயவர் சோவியத்து அறிஞர் அலெக்சாந்தர் புரூம்கின் (1895–1976). காற்றிலுள்ள ஆக்சிஜன், கரியின் பரப்பில் ஒட்டி, அதனிடமிருந்து எலெக்ட்ரான்களைக் கவர்ந்து கொள்கிறது. எலெக்ட்ரான்களை இழந்த கரி நேர்மின்னூட்டம் பெறுகிறது. கரைசலிலுள்ள எதிர்மின் அயனிகளைத் தன்பால் ஈர்க்கிறது. சிறிதளவு பிளாட்டினம் சேர்ந்த கரியை, ஆக்சிஜனை நீக்கி ஹைட்ரஜன் சூழ வைத்தால் நிலைமை தலைகீழாகிறது. ஹைட்ரஜன் எலெக்ட்ரான்களை ஈய, கரி எதிர்மின்னூட்டம் பெற்று நேர்மின் அயனிகளை ஈர்க்கிறது. கரி ஒன்றே, அதன் மின்னழுத்தம் மாறினால் அது கவரும் பொருளும் மாறுகிறது!

இனிக் குருதிக்கு வருவோம். செவ்வணுக்களும் தட்டணுக்களும் தம் மேற்புறத்தில் எதிர்மின்னூட்டம் உடையவை. குருதிக் குழாயின் உட்சுவரும் அத்தகையதே. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் அன்றோ? அணுக்கள் சுவரில் ஒட்டாமல் ஓடுவதற்கு இதுவும் ஒரு துணை. ஆனால், காற்றுப்பட்டு நேர்மின்னூட்டம் பெற்ற கரியை எதிர்கொள்ளும்போது, அவ்வணுக்கள் விலகாமல் இழுபடுகின்றன, ஒட்டுகின்றன, சிதைகின்றன. குருதியிலுள்ள புரதங்களும் அங்கே படிகின்றன, உறைதல் தொடங்குகிறது. கரியின் கரடுமுரடான மேற்பரப்பும் இக்கேட்டிற்குத் துணைபோகிறது.

இதற்கு இருவகை மாற்றுக் கண்டனர். கனடா நாட்டு மான்ட்ரியாலில் தாமஸ் சாங் என்னும் அறிஞர், கரித்துணுக்குகளின் மேல் கொலோடியன் என்னும் மெல்லிய படலத்தையும் ஆல்புமின் என்னும் புரதத்தையும் போர்த்தினார். சிறு நச்சு மூலக்கூறுகள் படலத்தை ஊடுருவிக் கரியை அடைந்தன. குருதியணுக்களோ கரியைத் தீண்டவில்லை. உலகின் பல மருத்துவமனைகளில் பரவியது இத்தகைய போர்த்திய கரியே. எனினும், போர்வைக்கும் ஒரு விலையுண்டு. மூலக்கூறு பெரிதாக ஆக, அது படலத்தைக் கடக்கும் விரைவு குறைகிறது.

மற்றொரு வழியை நாடினர் மாஸ்கோ ஆய்வாளர். போர்வை வேண்டா, கரியின் மின்னழுத்தத்தையே மாற்றுவோம் என்றனர். உப்புக் கரைசலில் கரியை எதிர்மின்வாயாக வைத்து மின்சாரம் செலுத்தினால், அதன் மின்னழுத்தம் எதிர்த்திசையில் நகர்கிறது. அவ்வாறு பண்படுத்திய கரியில் குருதியணுக்களின் சேதம் குறைகிறது என்று கண்டனர். மின்னழுத்தத்தின் அளவைப் பொறுத்து, சில மருந்துப் பொருள்களைக் கரி கவரும் திறனும் வேறுபடுகிறது. அளவு மீறினால் நீரே சிதைந்து ஹைட்ரஜன் வெளிப்படும்; ஆதலின், மின்சாரத்தை மிகுந்த கருத்தோடு செலுத்த வேண்டும். என் கருத்தில், இவ்விரண்டனுள் நுட்பமானது இதுவே; ஆனால், மருத்துவமனைகளில் பெரிதும் வழங்குவது போர்த்திய கரிதான்.

கரி எல்லா நஞ்சையும் பற்றுவதில்லை. மெத்தனால் போன்ற சாராயங்களும், லித்தியம் போன்ற சிறு அயனிகளும் அதனிடம் நன்கு தங்கா. அவற்றை நீக்கக் கூழ்மப்பிரிப்பு முறையையே நாடுவர். அக்கருவிகள் இன்று மிகவும் திருந்திவிட்டமையால், கரிக்கலத்தின் தேவை முன்னைவிடக் குறைந்துள்ளது. ஆயினும், குருதிப் புரதத்தோடு இறுகப் பிணைந்து நிற்கும் சில மருந்துகளை மிகுதியாக உண்டவர்க்கு, இன்றும் கரிக்கலம் பயன்படுகிறது. அப்போது, உறையாமல் இருக்க ஹெப்பாரின் கலந்த குருதி, மணித்துளிக்குச் சில நூறு மில்லிலிட்டர் வீதம் கலத்தின் ஒருபுறம் புகுந்து, மறுபுறம் வெளிவந்து, மீண்டும் சிரைக்குள் செல்கிறது. மருத்துவர் அருகிலிருந்து, தட்டணுக்களின் எண்ணிக்கையை அவ்வப்போது அளந்து பார்க்கிறார்.