இலவசச் சரக்கும் நாணயமான கிடங்கும்

சிறு பலசரக்குக் கடைகளிலும் பில் போடக் கம்ப்யூட்டர் வந்துவிட்ட காலம் இது. சமயநல்லூர் கடைவீதியும் இதற்கு விலக்கல்ல. பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் இருப்பது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. புதிய கம்ப்யூட்டர் வாங்கினால் செலவு. பழையதை அப்படியே ஓட்டினால் கணக்குக்கு ஆபத்து.

"லினக்ஸ் போடுங்கள், காசே கிடையாது" என்று யோசனை சொல்வோர் உண்டு. காசில்லாத சரக்கு என்றதும் வியாபாரிக்குச் சந்தேகம் வருவது நியாயமே. சரக்கு எந்தக் கிடங்கிலிருந்து வருகிறது, அதற்கு யார் பொறுப்பு என்று கேட்க வேண்டியது நம் கடமை.

கிடங்கை நடத்துவது யார்?

லினக்ஸ் வகைகளில் பழமையானவற்றுள் ஒன்று டெபியன். 1993-இல் அயன் மர்டாக் என்பவர் தொடங்கியது. இதற்கு முதலாளி கிடையாது. உலகெங்கும் ஏறத்தாழ ஆயிரம் தன்னார்வலர்கள் பல்லாயிரம் மென்பொருள்களைத் தொகுத்து ஒரே கிடங்கில் வைத்துக் காத்து வருகிறார்கள். ஒவ்வொரு மென்பொருளுக்கும் பொறுப்பாளர் உண்டு. கிடங்கின் பட்டியலில் மின்னணு முத்திரை இருக்கும். வழியில் யாராவது சரக்கை மாற்றினால் நம் கம்ப்யூட்டரே கண்டுபிடித்து எச்சரித்துவிடும். சென்னை சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட 'பாஸ்' லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே.

எல்லாக் கிடங்கும் ஒன்றல்ல

ஆர்ச் என்ற லினக்ஸ் வகைக்கு, அதன் சொந்தக் கிடங்கு தவிர, 'ஏ.யு.ஆர்.' என்ற பயனாளர் கிடங்கும் உண்டு. பெயரைப் பதிவு செய்த எவரும் அதில் சரக்கு இறக்கலாம். முன்கூட்டியே சோதிப்பவர் யாருமில்லை. வாங்குபவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். 2018-இல், கவனிப்பாரற்றுக் கிடந்த ஒரு தொகுப்பைப் பொறுப்பேற்ற ஒருவர் அதில் தீய கட்டளைகளைச் சேர்த்துவிட்டார். 2025 ஜூலையிலும் நச்சுத் தொகுப்புகள் அங்கே நுழைந்து, பிறகு நீக்கப்பட்டன.

கட்டுக்காவலுள்ள கிடங்கும் சோதனைக்கு உள்ளாகும். எக்ஸ்.இசட். என்ற சிறு மென்பொருளில் இரண்டு ஆண்டுக்கு மேல் உதவி செய்து நம்பிக்கை பெற்ற ஒருவர் அதில் கள்ளக் கதவு வைத்தார். 2024 மார்ச்சில் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், உள்நுழைய அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவியபோது குட்டு உடைந்தது. டெபியனின் சோதனைப் பிரிவுகள் வரை அது வந்துவிட்டது. கடைசிக் கட்டமான 'நிலையான' பிரிவுக்குள் வரவில்லை. புதுச் சரக்கைப் பொறுத்திருந்து பார்த்தே விற்பனைக்கு வைக்கும் வழக்கம்தான் காப்பாற்றியது.

வணிகர் கவனிக்க வேண்டியவை

1. கடைக் கம்ப்யூட்டரில் நிலையான பிரிவையே போடுங்கள்.

2. அதிகாரபூர்வக் கிடங்கில் கிடைப்பதை வெளியிடத்திலிருந்து இறக்காதீர்கள்.

3. டேலி விண்டோசுக்கு எழுதப்பட்டது. உங்கள் பில் மென்பொருள், பிரிண்டர், தராசு ஆகியவை லினக்ஸில் ஓடுமா என்று முதலில் வேறொரு கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு மாறுங்கள்.

4. எதைப் போட்டாலும் கணக்கை வாரம் ஒருமுறை தனியே நகல் எடுத்து வையுங்கள்.

கீழமாசி வீதியில் மூட்டையைப் பிரித்துக் கையில் அள்ளிப் பார்த்துத்தானே விலை பேசுகிறோம்? விலையில்லாச் சரக்குக்கும் அந்தப் பார்வை வேண்டும்.