ரத்தம் பாயும் வளைவு

தன் ஊரை முற்றுகையிட்ட படைத்தலைவன் ஒலோபெரினின் தலையைக் கொய்தவள் யூதித்து. விவிலியம் சொல்லும் இந்தக் கதையை 1599 வாக்கில் இத்தாலிய ஓவியர் கரவாஜியோ வரைந்தார். அதில் யூதித்து கையை நீட்டி, உடலைப் பின்னுக்கு இழுத்து, முகம் சுளித்தபடி வெட்டுகிறாள். கிழப் பணிப்பெண் ஓரமாக நிற்கிறாள்.

இதே காட்சியை ஆர்ட்டெமிசியா ஜென்டிலெஸ்கி வரைந்தபோது எல்லாம் மாறிவிட்டது. பணிப்பெண் இளையவள், திமிறும் ஆணைத் தன் எடை முழுவதையும் போட்டு அமுக்குகிறாள். யூதித்தின் சட்டைக் கை மேலே ஏறியிருக்கிறது, முன்கைத் தசை முறுக்கேறியிருக்கிறது. பலசாலியான ஒருவனைக் கொல்ல இரண்டு பெண்கள் எவ்வளவு பாடுபட வேண்டும் என்று கணக்குப் பார்த்து வரைந்த படம் இது.

1593-இல் ரோமில் பிறந்தவர் ஆர்ட்டெமிசியா. பன்னிரண்டு வயதில் தாயை இழந்தார். ஓவியரான தந்தை ஒராசியோவின் பட்டறையே அவருக்குப் பள்ளி. இருண்ட பின்னணியில் ஒரு பக்கத்திலிருந்து ஒளியைப் பாய்ச்சும் கரவாஜியோவின் பரோக் உத்தியை அங்கேதான் கற்றார். 1611-இல், தந்தையோடு பணியாற்றிய அகொஸ்தினோ தாஸி என்ற ஓவியர் அவரைப் பாலியல் வன்கொடுமை செய்தார். மறு ஆண்டு நடந்த வழக்கில், ஆர்ட்டெமிசியா சொல்வது உண்மையா என்று சோதிக்க விரல்களில் கயிறு சுற்றி இறுக்கினார்கள். தூரிகை பிடிக்கும் விரல்கள் அவை. தாஸி குற்றவாளி எனத் தீர்ப்பு வந்தது. தண்டனை ஒழுங்காக நிறைவேறவில்லை.

அப்படியென்றால் யூதித்து ஓவியம் பழிவாங்கலா? அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. வன்கொடுமைக்கு முந்தைய ஆண்டான 1610-இலேயே 'சூசன்னாவும் முதியோரும்' என்ற விவிலியக் காட்சி ஓவியத்தில் அவர் கையெழுத்திட்டிருக்கிறார். மதில்மேல் சாய்ந்து கிசுகிசுக்கும் இரண்டு ஆண்களிடமிருந்து சூசன்னா அருவருப்போடு உடலைத் திருப்பிக்கொள்கிறாள். ஆண்களின் பார்வை ஒரு பெண்ணுடம்பில் எப்படி உறுத்தும் என்பது அந்தப் பதினேழு வயதுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

வழக்குக்குப் பின் மணமாகி ஃபுளோரன்ஸ் போனார். 1616-இல் அந்நகர ஓவியக் கழகத்தில் சேர்ந்தார். அங்கு இடம்பெற்ற முதல் பெண் அவரே. கலிலியோவும் அதே கழகத்தின் உறுப்பினர், ஆர்ட்டெமிசியாவுக்கு நண்பர். எறியப்பட்ட பொருள் பரவளைவில் பயணிக்கும் என்று கண்டறிந்தவர் கலிலியோ. யூதித்து காட்சியை ஆர்ட்டெமிசியா இருமுறை வரைந்தார். நேப்பிள்ஸில் உள்ள முதல் ஓவியத்தில் ரத்தம் படுக்கையில் வழிகிறது. சுமார் 1620-இல் வரைந்து, இன்று உஃபிஸி காட்சியகத்தில் உள்ள இரண்டாவது ஓவியத்திலோ அது வளைந்து வளைந்து பீய்ச்சியடிக்கிறது. அந்த வளைவுகளில் கலிலியோவின் நட்பு தெரிகிறது என்பது ஆய்வாளர்கள் சிலரின் கருத்து.

ஃபுளோரன்ஸில் நிறைமாதக் கர்ப்பிணியாக அவர் வரைந்த நிர்வாண உருவம் ஒன்றின்மேல், பல பத்தாண்டுகளுக்குப் பின் வேறொரு ஓவியர் துணி வரைந்து மூடினார். மேல்வண்ணத்தைச் சுரண்டினால் அடிவண்ணமும் பாழாகிவிடும். அதனால் 2022-இல் தொடங்கிய ஆய்வில் எக்ஸ் கதிர், அகச்சிவப்பு, புறஊதாக் கதிர்களால் படமெடுத்து, மறைந்திருந்த உருவத்தைக் கணினியில் மீட்டெடுத்தார்கள்.

ஒரு கொடுமையை மட்டும் வைத்து ஆர்ட்டெமிசியாவை அளப்பதும் அவரை மூடி மறைப்பதுதான். ஃபுளோரன்ஸ், நேப்பிள்ஸ், லண்டன் என்று நாற்பதாண்டுக்கும் மேலாகத் தூரிகையை நம்பியே அவர் பிழைத்தார். பட்டறையில் கற்றது, நீதிமன்றத்தில் பட்டது, நண்பர்களிடம் கேட்டது எல்லாம் சேர்ந்ததே அவர் கலை.