காமா வெடிப்பு: திசை அறிவது எப்படி?

பெரிய நட்சத்திரம் ஒன்று ஆயுள் முடிந்து சரியும்போதும், இரு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதும்போதும் காமாக் கதிர்கள் பீறிட்டுக் கிளம்புவதுண்டு. பெரும்பாலும் சில விநாடிகளிலோ நிமிடங்களிலோ அடங்கிவிடும். 1967இல், அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க அமெரிக்கா அனுப்பிய வேலா செயற்கைக்கோள்கள் இதைத் தற்செயலாகக் கண்டன. உலகுக்குச் செய்தி வெளியானது 1973இல்தான்.

காமாக் கதிரைக் காற்று மண்டலம் தடுத்துவிடும். ஆகவே கருவி விண்வெளிக்குப் போகவேண்டும். கண்ணாடி வில்லையால் அதைக் குவிக்கவும் இயலாது. பின் திசையை எப்படி அறிவது? முக்கியமாக இரு வழிகள்.

முதலாவது, நிழல். துளையிட்ட உலோகத் தகட்டைக் கருவிக்கு மேல் பொருத்துவார்கள். ஜன்னல் கம்பியின் நிழலைப் பார்த்துச் சூரியன் இருக்கும் பக்கத்தைச் சொல்கிறோம் அல்லவா, அதுபோல.

இரண்டாவது, நேரம். ரயில்வேயில் கடிகாரத்தோடு வாழ்ந்த எனக்கு இதுவே பிடித்தமானது. இடியோசை முதலில் காஞ்சூர்மார்க்கிலும், பிறகு பாண்டுப்பிலும், அதன்பின் நாஹூரிலும் கேட்டால், இடி தெற்கே விழுந்தது எனலாம். அதேபோல் தொலைவிலுள்ள இரு செயற்கைக்கோள்களின் நேர வித்தியாசம் வானில் ஒரு வளையத்தைத் தரும். மூன்றாவது சேர்ந்தால் வளையங்கள் வெட்டும் இரண்டு இடங்கள் மிஞ்சும். கதிரோ விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. கடிகாரம் துல்லியமாக இருந்தே ஆகவேண்டும்.

நம் நாட்டின் ஆஸ்ட்ரோசாட் 28-9-2015 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அதில் காட்மியம், துத்தநாகம், டெல்லூரியம் கலந்த உணர்விகள் கொண்ட கருவியை உருவாக்கியதில் கொலாபா டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அக்டோபர் 6ஆம் தேதி, இயங்கத் தொடங்கிய அன்றே அது ஒரு வெடிப்பைப் பிடித்தது.

அதன் அருமை 2017இல் புரிந்தது. ஜனவரி 4 அன்று இரு கருந்துளைகள் மோதிய ஈர்ப்பலை பதிவாயிற்று. மறுநாள் அதே வான்பகுதியில் ஒரு புதிய ஒளி தென்பட்டு மங்கியது. கருந்துளை மோதலின் வெளிச்சமோ என்று கேள்வி எழுந்தது. மோதலுக்குப் பிறகு நிகழ்ந்த வேறொரு காமா வெடிப்பை ஆஸ்ட்ரோசாட் பதிவு செய்திருந்தது. அந்த ஒளி இந்த வெடிப்பின் மிச்சம் என்று ஆய்வாளர்கள் காட்டினர். இல்லாவிட்டால் ஒரு தவறான முடிவு பாடப்புத்தகம் வரை போயிருக்கலாம்.

இவ்வகைப் பின்னொளியைத் தேட லடாக்கின் ஹான்லேயில் 2018இல் இயங்கத் தொடங்கிய தொலைநோக்கியை, பெங்களூரின் இந்திய வானியற்பியல் நிறுவனத்தோடு சேர்ந்து அமைத்தது நம் பக்கத்துப் பவாய் ஐ.ஐ.டி. 'தக்‌ஷா' என்னும் இரட்டைச் செயற்கைக்கோள் திட்டத்தை முன்வைத்திருப்பதும் அதன் தலைமையிலான குழுவே. விஞ்ஞானம் என்றாலே அமெரிக்காவைப் பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். பாண்டுப்பிலிருந்து பவாய் வெகு அருகில்தான் இருக்கிறது.