வெள்ளிக் காசில் முத்திரைக் குத்து: சேதமா, சரித்திரமா?

தாத்தா பாட்டி விட்டுச் சென்ற டிரங்குப் பெட்டியில் பழைய வெள்ளி டாலர் ஒன்று கிடைக்கிறது. அதன் மேல் சின்னச் சின்னச் சீன எழுத்துகள் குத்தப்பட்டுள்ளன. "அடிபட்ட காசு" என்று பலர் அதை எடைக்கு எடை வெள்ளி விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். கொடுக்கும் முன் சற்று நில்லுங்கள்.

காசு அச்சான பிறகு அதன் மேல் போடப்படும் அடையாளத்தை மேல்முத்திரை எனலாம். மலாயாவில் ஒரு காலத்தில் ஸ்பெயின், மெக்சிகோ நாடுகளின் வெள்ளி டாலர்கள்தான் புழங்கின. ஸ்பெயின் டாலரின் பல் பல்லான விளிம்பைக் குறித்த மலாய்ச் சொல்தான் இன்றைய 'ரிங்கிட்'.

அன்று போலிக் காசுகளும் நடமாடின. அதனால் சீன வணிகர்களும் காசு நோட்டம் பார்ப்பவர்களும் எடையையும் வெள்ளியின் தரத்தையும் சோதித்து, "இது நல்ல காசு" என்பதற்கு அடையாளமாகத் தங்கள் முத்திரையைக் குத்தினார்கள். பல கை மாறிய காசில் பல முத்திரைகள் இருக்கும்.

அரசாங்கமும் முத்திரை குத்தியதுண்டு. ஜப்பான் 1897-இல் தங்கத்தை அடிப்படையாகக் கொண்ட நாணய முறைக்கு மாறியது. திரும்பப் பெற்ற ஒரு யென் வெள்ளிக் காசுகளில், சிறு வட்டத்துக்குள் 'வெள்ளி' என்று பொருள்படும் சீன எழுத்தைப் பொறித்து வெளிநாட்டுப் புழக்கத்துக்கு அனுப்பியது. முத்திரை இடப்பக்கம் இருந்தால் ஒசாக்கா, வலப்பக்கம் இருந்தால் தோக்கியோ.

இங்கு அதிகம் கிடைப்பது 1895 முதல் 1935 வரையிலான ஆண்டுகளைத் தாங்கிய பிரிட்டிஷ் வணிக டாலர். ஒரு பக்கம் திரிசூலத்துடன் நிற்கும் பெண் உருவம். மறுபக்கம் சீனத்திலும் ஜாவியிலும் மதிப்பு. எடை 26.96 கிராம், 90 விழுக்காடு வெள்ளி.

நம் வீடுகளில் இன்னொரு வகையும் உண்டு: வளையம் பற்றவைத்துக் காசுமாலையாகவோ பதக்கமாகவோ அணிந்த காசுகள். சேகரிப்பாளர்கள் இவற்றுக்குப் பொதுவாகக் குறைந்த விலையே தருவார்கள். ஆனால் வளையத்தைப் பிடுங்கினால் காசும் கெடும், குடும்பத்தின் கதையும் போகும். அப்படியே வைத்திருப்பதே நல்லது.

கவனிக்க வேண்டியவை

* விபூதி, புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், மதிப்பு போகும்.
* கிராம் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை அதிகம் குறைந்தால் சந்தேகப்பட வேண்டும்.
* வெள்ளி காந்தத்தில் ஒட்டாது. ஆனால் ஒட்டாதது எல்லாம் வெள்ளி அல்ல. பித்தளைப் போலியும் ஒட்டாது.
* விலையேற்றப் புதிதாக முத்திரை குத்துவோரும் உண்டு. காசு தேய்ந்திருக்க, முத்திரையின் ஓரம் மட்டும் கூர்மையாகப் பளிச்சென்று இருந்தால் எச்சரிக்கை தேவை.
* ஒருவர் சொன்ன விலைக்கே விற்றுவிடாமல் இரண்டு மூன்று இடங்களில் காட்டுங்கள்.

முத்திரை விழுந்த காசு எல்லாமே விலை உயர்ந்தது அல்ல. சாதாரண வகைகளில் முத்திரை இல்லாத காசுக்குத்தான் பெரும்பாலும் விலை அதிகம். ஆனால் முத்திரைக் காசுகளையே தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். எழுத்து தெளிவாகத் தெரியும் காசுக்கு அவர்களிடம் மரியாதை உண்டு.

இன்னொன்று: இப்போது புழக்கத்தில் உள்ள காசுகளில் இப்படிச் செதுக்கிப் பார்க்க வேண்டாம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நாணயத்தைச் சிதைப்பது குற்றம்.

உருக்கிவிட்டால் கையில் மிஞ்சுவது சுமார் 24 கிராம் வெள்ளி மட்டுமே. அந்தக் காசை யார் யார் நம்பி வாங்கினார்கள் என்பதற்கான சாட்சி அதோடு கரைந்துவிடும்.